நன்றி சொல்லக் கூடாத செடி

வடக்கே, பனிநாட்டுச் சிற்றூரான கெமியில் யாராவது பூச்செடி கொடுத்தால் வாங்குகிறவர் நன்றி சொல்ல மாட்டார். சொன்னால் செடி பட்டுப்போகும். இதை நம்புகிறீர்களா என்று கேட்டால் பாதிரியார் முதல் பஸ் ஓட்டுநர் வரை எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஒருவரும் சொல்லிப் பார்த்ததில்லை. நன்றி சொல்வதில் பொதுவாகவே நாட்டமில்லாத ஊருக்கு இது ரொம்பத் தோதான நம்பிக்கை.

இதனால் அதிக ஆதாயம் அடைந்தவள் பூந்தோட்டச் சங்கத் தலைவி சிர்க்கா. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அடுத்த வீட்டு இர்யா வேலிக்கு மேல் ஒரு நீல வாளியை நீட்டினாள். உள்ளே பியோனிப் பூச்செடியின் கிழங்கு, அதில் முளைவிடக் காத்திருக்கும் ஐந்து சிவப்புக் கண்கள். போரில் நாடு தோற்றபின், ஊரையே எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுக் கிளம்பியபோது இர்யாவின் அம்மா தோண்டியெடுத்து, பால் கேனில் போட்டு, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடியின் துண்டு அது. அந்தக் கதையைச் சொல்லும்போது, ரயில் பாலத்தைக் கடக்கும் இடத்தில் இர்யாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சிர்க்கா கிழங்கை வாங்கிக்கொண்டாள். முறைப்படி நன்றி சொல்லவில்லை. வாளியையும் திருப்பித் தரவில்லை.

செடி வேர் பிடித்தது. கதையும் வேர் பிடித்தது. முதலில் சிர்க்கா தன் தோட்டத்துக்கு வருகிறவர்களிடம் "இது ரொம்பப் பழைய வகை" என்றாள். சில வருடம் கழித்து அது "எங்க வீட்டுச் செடி" ஆயிற்று. தலைவியான பிறகு, கதையில் சிர்க்காவின் அம்மாவே ரயில் ஏறிவிட்டாள். சிர்க்காவின் அப்பா இதே தெருவில் டயருக்கு ஒட்டுப்போட்டுக் கொண்டிருந்ததும், அவளுடைய அம்மா கெமியை விட்டு எங்கும் போனதில்லை என்பதும் இர்யாவுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். தன் புதர் சிர்க்காவின் புதரைவிட ஒன்றரை மடங்கு பெரியது. அந்தக் கர்வம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

போன குளிர்காலம் பனிக்குப் பதில் மழையைக் கொட்டியது. மறுநாளே எல்லாம் உறைந்தது. கம்பளிபோல் மூடிக் காப்பாற்ற வேண்டிய பனி இல்லாமல், தோட்டத்தின் மேல் கண்ணாடிப் பாளமாக ஐஸ் கிடந்தது. மே மாதம் டெல்ஃபீனியம் எழுந்தது, ஐரிஸ் எழுந்தது, ஒவ்வொன்றாக எல்லாம் எழுந்தன. பியோனி மட்டும் எழவில்லை. ஜூன் நடுவில் இர்யா மண்வெட்டி போட்டாள். கிழங்கு, வேகவைத்துக் கெட்டுப்போன உருளைக்கிழங்கு போல் விரலில் வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மாவின் கையிலிருந்து வந்ததில் மிச்சம் இனி வேலிக்கு அந்தப் பக்கம், தண்ணீர் தேங்காத மேட்டில் பிழைத்துக்கொண்ட சிர்க்காவின் புதர்தான்.

இர்யா போய்க் கதவைத் தட்டினாள்.

"சிர்க்கா, என்னோட பியோனி போயிடுச்சு. உன்னோடதுல ஒரு துண்டு வேணும்."

"ஐயோ பாவமே! உள்ள வா. ஆனா இப்ப வெட்டக் கூடாதுன்னு உனக்கே தெரியுமே."

"ஆகஸ்ட்ல வெட்டிக் கொடு. நான் காத்திருக்கேன்."

"கொடுக்காம இருப்பேனா? செடி மாத்திக்கிற நாள்ல, எல்லார் முன்னாலயும் கொடுக்குறேன். சங்கத்துக்கும் கௌரவமா இருக்கும்."

"வேலிக்கு மேல கொடுத்தாலே போதும். நானும் அப்படித்தான் கொடுத்தேன்."

"அப்படியா? எனக்கு ஞாபகமே இல்ல. காபி குடிக்கிறியா?" என்றாள் சிர்க்கா.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, சங்கத்து முற்றத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் பைகளில் செடிகள், தட்டுகளில் ஏலக்காய் பன், உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு கேமராக்காரர். சிர்க்கா தேசிய உடையில் வந்திருந்தாள். நடுவில் ஒரு பித்தளைத் தகடு, துணி போட்டு மூடியிருந்தது.

"எங்கம்மா எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாங்க. இந்தக் கிழங்க மட்டும் பால் கேன்ல போட்டு, மடியில வச்சுக்கிட்டு..." என்று சிர்க்கா ஆரம்பித்தாள். ரயில் பாலத்தைக் கடக்கும் இடத்தில் அவளுக்கும் தொண்டை அடைத்தது. அந்த இடத்தைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

காபி ஊற்றிக்கொண்டிருந்த அதே தெருப் பெரியவர் தைஸ்தோ இர்யாவின் காதருகே குனிந்தார். "இவங்கப்பன் டயர்க்கடைக்கு எப்பம்மா ரயில் விட்டாங்க?"

"சும்மா இருங்க. எனக்குக் கிழங்கு வேணும்."

துணி விலகியது. 'யூலிதாலோ சிவப்பு. இந்த வகையில் எஞ்சியிருக்கும் ஒரே செடி' என்றிருந்தது. யூலிதாலோ சிர்க்காவின் குடும்பப் பெயர். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரே செடி என்றால் தனக்குத் தரப்போவது என்ன என்று இர்யா யோசித்து முடிப்பதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சிர்க்கா நீட்டியது அதே நீல வாளி. ஈர மண்ணுக்குள் கிழங்கு. கேமராக்காரர் "இப்படிப் பாருங்க" என்றார். இர்யா பார்க்கவில்லை, கட்டைவிரலை மண்ணுக்குள் விட்டுத் தடவினாள். கண் இருக்க வேண்டிய தலைப்பகுதி வெண்ணெய்க் கட்டியை வெட்டினாற்போல் வழுவழுவென்று இருந்தது. இன்னொரு முறை தடவினாள். நன்றாகத் தீட்டிய கத்தி. ஒரு கண்ணும் தப்பவில்லை; இனி அது முளைக்காது.

தலை நிமிர்ந்தாள். சிர்க்கா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றி, சிர்க்கா" என்றாள் இர்யா, முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "ரொம்ப ரொம்ப நன்றி."

தைஸ்தோ ஊற்றிய காபி கோப்பைக்கு வெளியே போயிற்று. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். சிர்க்காவின் சிரிப்பு ஒரு பக்கம் இறங்கியது. உயிருள்ள கிழங்குக்கு இந்த ஊரில் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? பெரிய பேச்சுக்கெல்லாம் பதிலாக ஒரே ஒரு சொல்லைப் போட்டுவிட்ட திருப்தி இர்யாவுக்கு அரை நிமிடம் இருந்தது.

அரை நிமிடம்தான். பதினோரு வருடம் சும்மாவா தலைவியாக இருந்தாள்? சிர்க்கா நெஞ்சில் கை வைத்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்ட இர்யா! எங்கம்மா உசிரக் கொடுத்துக் காப்பாத்தினது. மனசு வந்து உனக்குக் கொடுத்தேனே!"

நாலு பெண்கள் ஓடிவந்து சிர்க்காவை உட்கார வைத்தார்கள். ஒருத்தி பன்னை எடுத்துக் கொடுத்தாள். இர்யாவைப் பார்த்த பார்வைகள், கோயிலில் எச்சில் துப்பியவளைப் பார்ப்பதுபோல் இருந்தன.

"ஏம்மா, வாய அடக்கிக்கக் கூடாதா?" என்றார் தைஸ்தோ.

"கண்ணே இல்ல தைஸ்தோ. வெட்டி எடுத்திருக்கா. நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் தொட்டுப் பார்த்தார். பிறகு தலைவியின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"இருந்திருந்தாலும் இனிமே வராதும்மா. நன்றி சொல்லிட்டியே."

தெரிந்தேதான் இர்யா அதை நட்டாள். தெற்குச் சுவரோரம், எலும்புத் தூள் போட்டு, ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளால் மூடி, ஒரு கிழங்குக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்தாள். அந்தக் குளிர்காலம் பனி முறையாகப் பெய்து எதையும் சாகவிடவில்லை. ஜூனில் மஞ்சளும் ஊதாவும் நீலமுமாகத் தோட்டம் நிறைந்தது. சுவரோரம் மட்டும் ஒரு தட்டளவு வெறும் மண். வேலிக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு சிவப்புப் பூக்கள்.

சங்கச் செய்தி இதழில் தலைவி ஒரு பத்தி எழுதியிருந்தாள்: 'புதிய உறுப்பினர்கள் கவனத்துக்கு. செடி வாங்கும்போது நன்றி சொல்ல வேண்டாம். சென்ற ஆண்டின் வேதனையான அனுபவம் நம் எல்லோருக்கும் பாடம்.' பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை.

இர்யா இதழை மடித்து வைத்துவிட்டு, டெல்ஃபீனியத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று நீல வாளியைக் குழாயடியில் வைத்தாள். அது ஒன்றாவது திரும்பி வந்ததே. தண்ணீர் நிறையவே இல்லை. தூக்கிப் பார்த்தாள். செடி வளர்க்கத் தோதாக அடியில் மூன்று ஓட்டை போட்டு வைத்திருந்தாள் சிர்க்கா.