தங்கைக்கு இருபது சதவீதம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் முன்னோர் எந்தெந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்களே, அந்தச் சோதனையை நானும் செய்தேன். எதிர்பார்த்ததே வந்தது, ஒரு சொட்டுக் கலப்படம் இல்லாமல். தோழி ஒருத்திக்கு மட்டும் கடல் தாண்டி ஒரு பாட்டன் கிடைத்தான். (இதற்கெல்லாம் கொடுப்பினை வேண்டும்.) எரிந்த வயிற்றோடு எழுத உட்கார்ந்தேன்.

2

அக்காவும் தங்கையும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே...

வேண்டாம், பொய்.

அக்கா கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். பவர் பார்ப்பது, லென்ஸ் தேய்ப்பது, ஃபிரேமை வளைத்து மாட்டிவிடுவது எல்லாம் அவளே. தங்கைக்குச் சுருள்முடி, கன்னக்குழி, அப்பாவின் செல்லம். இப்போது அந்த எச்சில் சோதனையில் இருபது சதவீதம் தீவு ரத்தம் வேறு. அக்காவுக்குப் பூஜ்யம்.

"அதான் கடலைப் பார்த்தா எனக்கு என்னமோ பண்ணுது."

"உனக்கு பஸ்ல ஏறினாலே என்னமோ பண்ணும்டி" என்றாள் அக்கா.

"அது என் பக்கத்து ரத்தம்" என்று அப்பா மீசையைத் தடவினார்.

3

அது அம்மா வழி வந்தது என்று நிரூபித்துவிட்டால் இந்த ஆட்டம் அடங்கும். அக்காவே குழாய் வாங்கிவந்து அப்பாவைத் துப்பவைத்தாள். [அவளை நல்லவளாக்க எவ்வளவோ முயன்றேன். மசியவில்லை.]

(அம்மா இருந்திருந்தால் கதை இரண்டு வரியில் முடிந்திருக்கும். கொன்றது நான்தான்.)

4

அப்பாவுக்கு நாற்பது.

"பாத்தியா, பாதியை அப்படியே எம்பொண்ணுக்குக் குடுத்திருக்கேன்" என்றார். சொன்ன பிறகுதான் எதிரே இன்னொரு பெண்ணும் இருப்பது உறைத்தது.

நாற்பதில் ஒன்றுகூட அக்காவிடம் வந்து சேரவில்லை. இந்த இடத்தில் அவளுக்குப் பயம் வர வேண்டும். எழுதிப் பார்த்தேன், வந்தது பொறாமைதான். அவர்கள் இருவரும் ஒரே தீவில் நிற்கிறார்கள். இவளுக்குப் படகுகூட இல்லை.

தங்கை குளிக்கப் போனாள். அப்பாவின் போனுக்கு வந்த சோதனை முடிவில் 'உறவுகள்' என்று ஒரு பக்கம் உண்டு. வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று போனா சொல்ல வேண்டும்? அதனால் அதுவரை யாரும் திறக்கவில்லை. அப்பா திறந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் நீட்டினார்.

"எழுத்தே தெரியலம்மா. கண்ணாடி சரியில்ல போல. நீ வேணா பாரு... இல்ல, விடு, என்னத்த பெருசா இருக்கப்போவுது."

போன வாரம்தான் அவளே சோதித்து மாட்டிவிட்ட கண்ணாடி. பலகையின் கடைசி வரிப் பொடியெழுத்துவரை கடகடவென்று படித்தவர்.

5

முடிவு ஒன்று: குழாய் மாறிவிட்டது. (சோம்பேறித்தனம்.)

முடிவு இரண்டு: அவள் கதவை அறைந்துவிட்டு... (அறைய மாட்டாள். கண்ணாடிக்காரி.)

நடந்தது இவ்வளவுதான். அக்கா போனைப் பார்க்காமலே கவிழ்த்து மேஜையில் வைத்தாள்.

"கடைக்கு வாங்கப்பா. இன்னொரு தடவை கண்ணைப் பாத்துடலாம்."

"இப்பவேவா? அவளும் குளிச்சிட்டு வரட்டுமே."

"அவ எதுக்கு? நீங்க மட்டும் வாங்க."

போய்விட்டார்கள். போன் மேஜைமேல் கிடக்கிறது, பூட்டவில்லை. எழுதுகிறவன் எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை. நீங்கள் பார்ப்பதானால் பாருங்கள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.