சாவிக்கொத்தும் காந்தமும்

ஆட்டோவிலிருந்து ஜெயப்பிரகாஷைக் கைத்தாங்கலாக இறக்கியவள் அபிநயா. குன்னம் வெங்காய மண்டியில் அவனோடு வேலை பார்க்கிற பெண்.

"பயப்படாதீங்கக்கா. பேசிக்கிட்டே இருந்தவரு அப்படியே வெறிச்சுப் பாத்துக்கிட்டு சட்டப் பித்தான நோண்ட ஆரம்பிச்சாரு. அவரு கையில கட்டியிருந்த காந்தத்த எடுத்து நெஞ்சுல ஒரு இழு இழுத்தேன். கீழ வுழாம அடங்கிடுச்சு."

அவன் மனைவி கவிதா அபிநயாவின் விரல்களையே பார்த்தாள்.

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அண்ணந்தான். மண்டியில எல்லாருக்கும் காட்டியிருக்காரு. இனிமே சாவிக்கொத்தத் தேடி ஓட வேணாம்னு பெரியசாமி அண்ணன் ஒரே கிண்டல்."

அவள் போனதும் ஜெயப்பிரகாஷ் பாயில் சாய்ந்து கண்ணயர்ந்தான். கவிதா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கீழே விழுந்து வெட்டி இழுத்தால்தான் மற்றவர்களுக்கு அது வலிப்பு. அதற்கு முன்னால் வரும் அந்த வெறிப்பு, எதையோ மெல்லுவதுபோல் அசையும் வாய், பித்தானைத் தேடும் விரல், எல்லாம் கீழப்பழுவூரிலிருந்து வாழ வந்த நாள் முதல் அவளுக்கு மட்டுமே தெரிந்தவை. ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்து, தன் இரு கைகளாலும் மூடிக்கொள்வாள். திருச்சி டாக்டர் அதையும் பிரித்துச் சொல்லிவிட்டார். வெறிப்பதும் வலிப்புதானாம், மூளையின் ஒரு மூலையில் தொடங்குவது முழுக்கப் பரவினால் உடம்பு இழுக்கிறதாம். "இரும்பால ஒண்ணும் ஆகாதும்மா, அது தானா அடங்குறது" என்றார். அப்படியானால் இத்தனை வருஷமும் அவள் பிடித்தது வெறும் கையைத்தான்.

மாத்திரைகளுக்கு அடங்காததால் இடது நெஞ்சில், தோலுக்கடியில் வலிப்பை அடக்கும் கருவி ஒன்றைப் பதித்து, கழுத்து நரம்பில் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அது துடிக்கும்போது அவன் குரல் கரகரக்கும். அவள் பெயரைக் கூப்பிடும்போதுகூட நடுவில் அது புகுந்துகொள்ளும்.

"கவிதா..." விழித்தவன் கூப்பிட்டான். பாதியில் குரல் உடைந்தது.

காந்தத்தை ஒருமுறை இழுத்தால் கருவி கூடுதலாகத் துடிக்கும். அசையாமல் வைத்திருந்தால், எடுக்கும்வரை நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அவன் மணிக்கட்டிலிருந்து அதைக் கழற்றி நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"என்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல. பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும்."

அவன் தூக்கக் கலக்கத்தில் வெங்காயம் அழுகிப்போனதைச் சொல்லத் தொடங்கினான். கரகரப்பு இல்லை. ஆபரேஷனுக்கு முந்தைய குரல். அவளுக்கு மட்டும் கேட்கிற குரல். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சு நின்றது.

அவன் கண்கள் அவளைத் தாண்டி எங்கோ நிலைத்திருந்தன. சாவிக்கொத்து ஆணியில் தொங்கியது. அவன் விரல்கள் பித்தானைத் தேடி மெல்ல மேலே வந்தன. காந்தத்தை அழுத்தியிருந்த அவள் விரல்களில் பட்டன. அவற்றையே நோண்டத் தொடங்கின.