டக்ளஸ் துரையின் சாரட்டு இருசு

"திருடன் என்று எழுது" என்றார் டக்ளஸ் துரை. "பெயரையும் எழுது. காத்தவராயன்."

ஸ்டோர் ரைட்டர் பர்னபாஸின் பேனா மைக்கூட்டுக்குள் போனது; வெளியே வரவில்லை.

கோலார் தங்க வயலில் ஒருவன் பெயருக்கு நேரே அந்த ஒரு சொல் விழுந்துவிட்டால் போதும். எந்தச் சுரங்கமும் அவனைச் சேர்த்துக்கொள்ளாது. அன்று சாயங்காலமே லயத்துக் குடிசையைக் காலி செய்துவிட்டு, குடியாத்தம் பக்கம் வந்த வழியே நடக்க வேண்டியதுதான். காத்தவராயனின் மனைவி கங்கம்மாவுக்கு அது தெரியும். ஸ்டோர் வாசலில் கூடி நின்ற கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் முன்னால் வந்தாள்.

"இன்னாத்த திருடினான் என் புருசன்? அத்த சொல்லிட்டு எழுதுங்க!"

"எண்ணெயை" என்றார் டக்ளஸ். அவர் சுரங்கத்தின் கேப்டன். ஆறு வருஷமாக இங்கே இருப்பவர், தமிழ் நன்றாகவே வரும். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேனேஜர் துரையைப் பார்த்து விளக்கினார்: "சுரங்கத்து டிரக் சக்கரங்களுக்கு மசகு போடுபவன் இவன்; அதற்குத் தருவது சுத்தமான விளக்கெண்ணெய். இவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி நிரப்பியிருக்கிறான். சக்கரம் சுழலும் இருசு காய்ந்தது, சக்கரம் பிடித்துக்கொண்டது, டிரக் தண்டவாளத்தை விட்டு விழுந்தது. சகாயத்தின் கால் போனது இவனால்."

டிரக் தள்ளுகிற சகாயம் அங்கேயே ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே துணிப்பொதி. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் அவனைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள், சாட்சி சொல்ல.

காத்தவராயனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஒரு மாசம்! ஒரு மாசமாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நடந்தது இதுதான்: கீழே இறங்கினால் பாறை குடையும் லெவலில் அனல். அதனால் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறுமுன் ஆட்கள் உச்சந்தலையில் ஒரு கை விளக்கெண்ணெய் வைத்துக்கொள்வது வழக்கம், சூடு தணியும். எண்ணெய் பீப்பாய் ஸ்டோர் வாசலில்தானே இருந்தது? போகிறவனெல்லாம் விரலைத் தோய்த்தான். டக்ளஸ் பார்த்தார். பீப்பாயில் மண்ணெண்ணெயைக் கலக்கச் சொன்னார். மறுநாளிலிருந்து எவன் தலையிலும் எண்ணெய் இல்லை. கேப்டனுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் இருசிலும் எண்ணெய் நிற்கவில்லையே! கட்டை வண்டிக்காரனைக் கேட்டாலும் சொல்வான்: இருசுக்கு மசகு என்றால் விளக்கெண்ணெய், ஒட்ட வேண்டும், நூலாக இழுக்க வேண்டும், சூட்டிலும் விடாமல் பிடித்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்தது தண்ணீராய் ஓடிவிடும். இருந்த பழைய மசகையும் கழுவிக்கொண்டு போகும். "ரைட்டரய்யா, இது ஆவாது, எவன் காலாவது போவப்போவுது" என்று பர்னபாஸிடம் எத்தனை தரம் சொன்னான்! "கேப்டன் ஆர்டர்ப்பா, நான் இன்னா செய்ய?" என்பதுதான் பதில். போய்விட்டது ஒரு கால்.

"தொரை, பீப்பாயிலயே சீமெண்ணெய் கலந்துதான் கீது" என்றான் காத்தவராயன்.

"பொய்!" டக்ளஸ் மேஜையைத் தட்டினார். "பீப்பாயில் இருப்பது சுத்தமான எண்ணெய். இதற்கு என் வார்த்தையே போதும்."

மேனேஜர் தலையசைத்தார். கேப்டன் வார்த்தைக்கு மேல் கூலிக்காரன் வார்த்தை ஏது? "எழுது" என்றார் பர்னபாஸிடம்.

கங்கம்மா மண்ணை வாரித் தூற்றக் குனிந்தாள். காத்தவராயன் அவள் கையைப் பிடித்தான்.

"இரும்மே. தொரை, பேர அடிங்க. போறேன். இன்னிக்கு சனிக்கெழம. உங்க சாரட்டுக்கு மசகு போட்ற வேலை பாக்கி கீது. நாளைக்கு பேத்தமங்களா ஏரிக்கு வாத்து சுடப் போவணுமே? அத்த முடிச்சிட்டே போறேன்."

"பார்த்தீர்களா, பயம்" என்று டக்ளஸ் சிரித்தார். "போ, போடு."

இரண்டு குதிரை பூட்டும் அந்தச் சாரட்டு வேப்பமரத்தடியில் பளபளவென்று நின்றது. அதன் இருசுக்கென்று டக்ளஸ் பங்களாவில் தனி டின்னே வைத்திருந்தார். காத்தவராயன் பங்களா பக்கம் போகவில்லை. நேரே ஸ்டோர் வாசலுக்கு வந்தான். பீப்பாயில் கரண்டியை விட்டு மொண்டான். டக்ளஸின் கண்ணெதிரே சாரட்டுச் சக்கரத்தின் நடுவிலிருக்கும் குடத்து மூடியைத் திருகி எடுத்தான். கரண்டியைச் சாய்க்கப்போனான்.

"ஏய்! நிறுத்து! அந்த எண்ணெய் வேண்டாம்! என் இருசு பாழாகிவிடும்!"

கேப்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடியே வந்துவிட்டார்.

காத்தவராயன் கரண்டியைக் கீழே போடவில்லை.

"இன்னாத்துக்கு தொரை? சுத்தமான எண்ணெய்தானே? உங்க வார்த்தையே போதும்ன்னு இப்பதானே சொன்னீங்க?"

டக்ளஸின் முகம் சிவந்தது. கட்டிலிலிருந்து சகாயம் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான்.

"உங்க வண்டி இருசுக்கு ஆவாதது, தொரை, என் காலுக்கு மட்டும் ஆவுமா?"

மேனேஜர் எழுந்து வந்தார். கரண்டியை வாங்கி முகர்ந்தார். பர்னபாஸைத் திரும்பிப் பார்த்தார். பேனா இன்னும் மைக்கூட்டுக்குள்தான் இருந்தது.

"கேப்டன் சொல்லித்தான் கலந்தேன், ஐயா" என்றார் பர்னபாஸ். "இவன் நாலு தரம் வந்து வேணாம்ன்னு சொன்னான். நான் மேலே சொல்லவில்லை. அந்தப் பாவம் எனக்குத்தான்."

"அத்த ஒரு மாசம் முன்ன சொல்லியிருந்தா சகாயம் நடந்து வந்திருப்பான்!" என்றாள் கங்கம்மா.

மேனேஜர் அந்தப் பீப்பாயைக் கவிழ்க்கச் சொன்னார். புதுப் பீப்பாயை உருட்டிவரச் சொன்னார். எழுதாத அந்தச் சொல்லை எழுத வேண்டாம் என்றார். டக்ளஸிடம் என்ன சொன்னாரோ, இங்கிலீஷில் சொன்னார். மன்னிப்பு என்ற பேச்சை மட்டும் எவரும் எடுக்கவில்லை, காத்தவராயனிடமும் சரி, காலிழந்தவனிடமும் சரி.

புதுப் பீப்பாய் திறந்தது. கெட்டியாக, நூல் இழுத்தாற்போல் விழுந்தது எண்ணெய். முதல் கரண்டியைக் காத்தவராயன் பக்கத்தில் நின்ற டிரக்கின் இருசில் ஊற்றினான். இரண்டாவதைக் கையில் வாங்கிக்கொண்டு கட்டிலருகே போய், சகாயத்தின் உச்சந்தலையில் வைத்து அழுத்தித் தேய்த்தான். மிச்சத்தைத் தன் தலையில் தடவிக்கொண்டு டக்ளஸுக்கு நேராக வந்து நின்றான்.

"ஆறு வருசமா ஒரு சொட்டு எடுத்ததில்ல, தொரை. இன்னிக்கு எடுத்தேன். இப்ப எழுதுங்க."

எவரும் எழுதவில்லை.