சரிவில் நட்ட மரங்கள்

குத்தகைக்காரர் திகைத்து நின்றார். சரிவில் ஐந்து வருடமாக வளர்த்த மரங்கள் வரிசையாக வெட்டுண்டு கிடந்தன. வேர் பிடித்திருந்தால்தான் மழைநீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகாது.

"யாரு முதலாளி இப்படிப் பண்ணது?" என்று பக்கத்தில் நின்ற நிலச் சொந்தக்காரரைக் கேட்டார்.

"நான்தான்பா. பயிர் வச்சா அறுத்துட்டுப் போயிடுவே. மரம் வச்சா, இத்தனை வருஷமா நீ இங்க இருக்கேன்னு அதுவே சாட்சி. நாளைக்கு நிலம் என்னுதுன்னு கோர்ட்டுக்குப் போவே."

"ஐயோ, மண்ணு போயிடுமேன்னு வச்சேன்!"

"மண்ணு போனா போகட்டும். பத்திரம் என்கிட்டதானே இருக்கு?"

அடுத்த மழையில் மேல்மண் சேறாகி ஓடையில் இறங்கியது. சரிவில் பாறை பல்லிளித்தது. இனி அதில் புல்கூட முளைக்காது.

குத்தகைக்காரர் நகரத்திலிருந்த மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், உன் கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களா? நானும் உங்க அக்காவும் வந்துடறோம்."