பழமலையின் பேரன்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நின்று 'பழமலை' என்று ஒரு சத்தம் போட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஊர்ச் சாமி பெயர், எந்தக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். இது திரௌபதிக்குத் தெரியாததா? இருந்தும், பினாங்கிலிருந்து வந்த சேரன் என்ற இளைஞன் விசாரித்துக்கொண்டே அவள் வாசலுக்கு வந்து, "எங்க தாத்தா பேரு பழமலைங்க. இந்தப் பக்கம் பொறந்து கப்பல் ஏறுனவரு. அவரோட பிறப்புப் பதிவைத் தேடி வந்திருக்கேன்" என்றதும் அவள் புத்தி போன இடம் தெரியவில்லை. அவளுடைய தாத்தாவுக்கும் பழமலை என்று ஓர் அண்ணன் இருந்தார். இளவட்டத்தில் கப்பலேறியவர், அப்புறம் ஒரு தகவலும் கிடையாது.

திரௌபதி கூடப்பிறப்பு இல்லாதவள். மகள் வெண்பாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் வைக்கப் பக்கத்துத் தெரு ஆளை இரவல் வாங்கினார்கள். பந்தியில் யாரோ சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது. பெரிய தாத்தாவின் பேரன் என்றால் தம்பி முறை. தம்பி என்றால், கல்யாணத்தில் வெண்பா நெற்றியில் பட்டம் கட்டச் சொந்தத் தாய்மாமன்! அதற்குமேல் அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை.

வேலை பார்க்கும் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் லீவு சொன்னாள். புருஷன் தங்கராசுவின் ஆட்டோவில் சேரனை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். ஒருவழியாகப் பெரிய தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைத்தது. அதைக் காட்டித்தான் சேரன் வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளிக்குக் கொடுக்கும் ஓசிஐ கார்டை வாங்க வேண்டும். இவர் அந்தப் பழமலையின் பேரன்தான் என்று உள்ளூர் உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார் வக்கீல். பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போட்டாள் திரௌபதி.

"வெண்பா கல்யாணத்துக்கு நான் இல்லாம யாருக்கா?" என்று காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான் சேரன்.

கல்யாணம் கூடி வந்தது. பத்திரிகையில் 'தாய்மாமன்: சேரன், பினாங்கு' என்று போட்டு, அதைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"அக்கா, என் பேரை எடுத்துருங்க."

"ஏன் தம்பி, லீவு கெடைக்கலியா?"

"அதில்லக்கா. இதை மேல வளக்க வேணாம். எங்க தாத்தா வேற பழமலை, திட்டக்குடிப் பக்கம். அவரு பதிவு கெடைக்கல. அவரு ஒத்தப் புள்ள, கூடப் பொறந்தவங்களே கெடையாது."

"இது எப்பத் தெரிஞ்சுது?"

"மொதல்லயே தெரியும். கார்டு வந்துருச்சு. ரொம்ப நன்றிக்கா."

போனை வைக்கும்போதுகூட அக்கா என்றானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சோறு ஆக்கவில்லை. பத்திரிகைக் கட்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

"ஆத்தைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்துட்டா நீ யாரு நான் யாரு" என்றான் தங்கராசு. "போலீசுக்குப் போவமா?"

"போயி? பொய்க் கையெழுத்துப் போட்டது யாருன்னு கேட்டா?"

போலீசுக்குப் போக முடியாதவர்களுக்கு இந்தப் பக்கம் கொளஞ்சியப்பர் இருக்கிறார். குறையைப் பிராதாக எழுதிக் கோயிலில் கட்டிவிட்டால் சாமி விசாரித்துத் தீர்த்துவைக்கும். மறுநாள் அந்தக் கோயில் இருக்கும் மணவாளநல்லூருக்கு ஆட்டோவில் போகும்போது வழியெல்லாம் சாபமாகவே சேர்த்துவைத்தாள் திரௌபதி. கை விளங்காமல் போக, அந்தக் கார்டு கருகிப் போக.

பிராது எழுதுபவர் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு கேட்டார். "யாரு மேலம்மா?"

"சேரன். பினாங்கு."

"என்ன ஒறவு?"

ஒறவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை.

"தம்பி" என்றாள்.

"அடியே, இன்னுமா தம்பி?" என்று தங்கராசு எகிறினான்.

"கவர்மெண்டுகிட்ட தம்பின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். சாமிகிட்ட வந்து மாத்திச் சொல்லுவனா? காரியம் ஆவுற வரைக்கும் அக்கா, அப்புறம் யாரோவா? வுட மாட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுதுங்கய்யா. என் தம்பி, எம் பொண்ணுக்குப் பட்டம் கட்ட வர மாட்டேங்கிறான். சாமிதான் கூட்டியாந்து வுடணும்."