மருந்துக்கடையில் என்னைப் பார்த்தவர்கள்

எங்கள் ஊர் ஒரு அளவான ஊர். பெருநகரமாக இருந்தால் யாருக்கும் யாரையும் தெரியாது, நிம்மதி. சின்ன ஊராக இருந்தால் எல்லாருக்கும் எல்லாரையும் சரியாகத் தெரியும், அதுவும் ஒருவகை நிம்மதிதான். எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறையால்தான் என் குடும்பம் போன மாதம் பிளந்துபோகப் பார்த்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடைவீதியில், தபால் நிலையத்துக்கு எதிரே. என் மனைவி ஆஸ்பத்திரி ரோட்டில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். நான் முகங்களை அளப்பவன், அவள் ரத்தத்தை அளப்பவள். வாய்ச்சொல்லை இரண்டு பேருமே லேசில் நம்ப மாட்டோம்.

முதலில் ஆரம்பித்து வைத்தவர் தையல்காரர். என் கடைக்கு நாலு கடை தள்ளி இருப்பவர்.

"என்ன சார், நேத்து தண்ணி டேங்க் பக்கத்துல மருந்துக்கடையில நின்னீங்க. கையைக் காட்டினேன். கண்டுக்கவே இல்லையே. அவ்வளவு பெரிய ஆளாயிட்டீங்களா?"

நான் அந்தப் பக்கமே போகவில்லை என்றேன். அவர் சிரித்தார். "சரி சரி" என்றார். அந்த இரண்டாவது 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் என் மனைவியோடு வேலை செய்யும் அம்மாள் அதே மருந்துக்கடையில் என்னைப் பார்த்திருக்கிறார். கூட ஒரு பெண், யூனிஃபார்மில் ஒரு சிறுமி. சிறுமியின் பையை நான் தோளில் மாட்டிக்கொண்டிருந்தேனாம். அந்த அம்மாள் மறுநாளே, சாம்பிள் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொல்வதுபோல என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இப்படிப் போகிற போக்கில் சொல்கிறவர்களை நான் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேள்வி வந்தது.

"நேத்து மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"கடையில."

"இன்னைக்கு அதே நேரத்துக்குப் போன் பண்ணேன். எடுக்கலை."

எடுக்க முடியாது. தினமும் மூன்றிலிருந்து நாலரை வரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன். அந்த மெஷின் ஓடினால் போன் மணி காதில் விழாது. அந்த ஒன்றரை மணி நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்பதற்கு மெஷினைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இதை அவளிடம் விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நன்றாகத் தயாரித்து வைத்த பதில் மாதிரி கேட்டது.

"உங்களை மாதிரி வேற யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"அப்படித்தான் இருக்கணும்."

"ரிப்போர்ட் இல்லாம நான் எதையும் நம்பறதில்லை. உங்களுக்கே தெரியும்."

அதன்பிறகு வீட்டில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் சட்டையைத் துவைக்கப் போடும்முன் ஒரு நொடி கையில் பிடித்தபடி நிற்பாள். நான் குளித்துவிட்டு வந்தால் என் போன் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும், ஆனால் கவிழ்ந்திருக்கும். கேட்டால் தூசி துடைத்தேன் என்பாள். நானும் சளைத்தவன் இல்லை. தெருவில் யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும், இவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறானா, என்னைப்போல இருக்கும் அந்த இன்னொருவனைப் பார்த்ததை நினைத்துச் சிரிக்கிறானா என்று சந்தேகம் வந்தது. தையல்காரரும் அந்த அம்மாளும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்றுகூட ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவர்கள் இருவருக்கும் அறிமுகமே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது தடவை பார்த்தது என் மனைவியேதான்.

ஒரு புதன்கிழமை வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இன்னைக்கு மூணு மணிக்கு நானே பார்த்தேன். பஸ்ல இருந்து. அந்தப் பொம்பளை உங்களுக்குக் குடை பிடிச்சிட்டு நடந்தா. வெள்ளைச் சட்டை. உங்க நடை. இனிமே என்ன சொல்றீங்க?"

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "மூணு மணிக்கு நீ எதுக்கு பஸ்ல இருந்த? உனக்கு அஞ்சு மணி வரைக்கும் வேலையாச்சே?" என்று கேட்டுவிட்டேன்.

 அவசர சாம்பிளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அதைக் கத்தாமல் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலாம்.

"ஞாயித்துக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போறேன். அதுக்குள்ள யாரு அவங்கன்னு சொல்லிடுங்க. உண்மையைச் சொன்னா அழுதுட்டாவது இருப்பேன். பொய் சொன்னா திரும்பி வர மாட்டேன்."

கட்டில்மேல் பெட்டி திறந்தே கிடந்தது. தினமும் இரண்டு இரண்டு துணியாக அதில் சேர்ந்தது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. செய்யாத தப்புக்கு எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடையை மொத்தமாகப் பூட்டிவிட்டு அந்த மருந்துக்கடைக்குப் போனேன். போகும்போதே சங்கடம். இப்போது யாராவது பார்த்தால் அது நிஜமாகவே நான்தான். அவசரத்துக்கு ஒரு தலைவலி மாத்திரை கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், இப்பத்தானே பாப்பாவுக்குக் காதுக்கு விடற மருந்து வாங்கிட்டுப் போனீங்க? தலைவலின்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"எந்தப் பக்கம் போனேன்?" என்று கேட்டேன்.

அவர் என்ன நினைத்தாரோ, பேசாமல் இடது பக்கம் கையைக் காட்டினார்.

ஓடினேன். இரண்டாவது சந்தில், தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வாசலில் என்னையே பார்த்தேன். அதே உயரம், அதே வழுக்கையின் தொடக்கம். காதைப் பொத்திக்கொண்டு ஒரு சிறுமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற பெண் மடக்கிய குடையைக் கையில் இறுக்கிப் பிடித்து, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கதானா அது?" என்றார் அந்த மோட்டார்காரர். குரலில் அவ்வளவு ஆத்திரம். "கண்ணாடிக் கடையில ஃபேன் போட்டு உக்காந்திருக்கீங்க, கேட்டா பட்டறையில இருந்தேன்னு புளுகறீங்கன்னு ரெண்டு மாசமா இவ என்னைப் படுத்தி எடுக்கறா, சார்! அவ தம்பி வேற கடைவீதியில என்னைப் பார்த்தானாம்!"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. முகங்களோடு பிழைப்பு நடத்துகிறவன் இல்லையா, கை சும்மா இருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து அவர் கண்களுக்கு நேராகப் பிடித்தேன். கருவிழிக்குக் கருவிழி அறுபத்து நாலு மில்லிமீட்டர். எனக்கும் அதேதான். மூக்குத்தண்டின் அகலம்கூட ஒன்றே. எல்லாவற்றையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன். இதைவிட வேறு என்ன ரிப்போர்ட் வேண்டும்?

நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டபடி, மோட்டார்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, துவைத்த வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக வீட்டுக்கு வந்தார். நான் அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஜெயித்தவன் குரலில் மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் வந்தாள். பார்த்தாள். "வாங்க. யாருங்க இவர்?"

"நல்லா பாரு."

"பார்க்கறேன். மோட்டார் ரிப்பேருக்கு வந்திருக்காரா?" அவர் விரல் இடுக்கில் இருந்த கிரீஸைக் கவனித்திருக்கிறாள்.

"என்னை மாதிரியே இல்ல?"

"இல்லையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அளவெடுத்த சீட்டை நீட்டினேன். அவள் அதை வாங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிப்பதுபோலப் பொறுமையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கண்ணுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்துட்டுத்தான் நான் உங்களைக் கட்டிக்கிட்டேனா? இவருக்குக் காது மடல் ஒட்டியிருக்கு, உங்களுக்குத் தொங்கும். இவருக்கு இடது புருவத்துல சுழி இருக்கு. இவர் பேசறதுக்கு முன்னாடி எச்சில் முழுங்கறார், நீங்க பேசி முடிச்சப்புறம் முழுங்குவீங்க. இவர் நல்ல மனுஷர் மாதிரி தெரியறார்."

மோட்டார்காரர் எச்சிலை விழுங்கினார். "அம்மா, மருந்துக்கடைக்குப் போனது சத்தியமா நான்தான்" என்றார்.

"உங்களை எங்க பிடிச்சார், எதுக்கு இப்படிச் சொல்லச் சொன்னார்னு நான் கேட்கலை. உக்காருங்க, காபி குடிச்சிட்டுப் போங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பத்து பேருக்குக் குழம்பும். எனக்குக் குழம்பாது. அன்னைக்கு நான் பார்த்தது உங்களைத்தான்."

அவள் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஊரையே ஏமாற்றிய முகம் என் வீட்டு வாசலில் தோற்றுவிட்டது. ஆளைச் செட்டப் செய்து கூட்டி வந்தவன் என்ற பழியும் சேர்ந்துகொண்டது. என் முகத்தை இவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறாளே என்று சந்தோஷப்படுவதா, அதனாலேயே என்னைவிட்டுப் போகப்போகிறாளே என்று அழுவதா?

காபி யாருக்கும் இறங்கவில்லை. மோட்டார்காரர் பாதியிலேயே எழுந்துகொண்டார். "நான் வர்றேன் சார். உங்க நேரம் சரியில்லை" என்று என் காதருகே சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே பெட்டி மூடியிருந்தது. நான் கதவோரமாக இருந்த அலமாரியில் அளவுகோலை வைத்தபடி, பன்னிரண்டு மணி பஸ்ஸை எப்படித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டின் கொக்கியை எடுத்தார்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், திறந்த கதவு வழியாக வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, சாவி எடுத்துக்கிட்டீங்களா? வெயில்ல அலையாம ஆட்டோல போங்க!"

மோட்டார்காரர் திரும்பினார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவோரத்தில் இருந்த என்னைப் பிறகுதான் பார்த்தாள். கையிலிருந்த துணியை வாயில் பொத்திக்கொண்டாள். வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"பஸ்ல இருந்து பின்பக்கமாத்தான் பார்த்தேன்" என்றாள். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினாள். நானும் கூட அடுக்கினேன். பழி நீங்கியது.

ஆனால் எனக்கு அது ஜெயித்த மாதிரியே இல்லை. குரல் கொடுத்தபோது அவள் முகத்தை நான் பக்கவாட்டில் இருந்து பார்த்துவிட்டேன். போகிறவன் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டுமே என்ற கவலை அப்படியே எழுதி ஒட்டியிருந்தது அதில். என்மேல் அவ்வளவு சந்தேகம் இருந்த இந்த ஒரு மாதமும், அதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷமும், தினம் காலையில் அவள் அந்த முகத்தோடுதான் வாசலில் நின்றிருக்கிறாள். ஊரில் உள்ள முகத்தையெல்லாம் அளந்தவன் அதைப் பார்த்ததே இல்லை. "ம்ம், எடுத்துக்கிட்டேன்" என்று கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விடுவேன்.

முதல் தடவை கூப்பிட்டதற்கே அந்த மோட்டார்காரர் திரும்பிப் பார்த்தார்.