ஜரிகை நிழல்

நஸ்னீனுக்குப் பாராட்டு விழா என்று காந்தி ரோடு முழுக்க பேனர். நானும் அவளும் ஒரே மருத்துவக் கல்லூரி. எக்ஸ்ரே பார்ப்பதில் அவளைவிட நான் கெட்டி. பேராசிரியரே வகுப்பில் சொல்லியிருக்கிறார். படித்து முடித்து நான் காஞ்சிபுரத்திலேயே ஸ்கேன் சென்டர் போட்டேன். அவள் சென்னையில் ஆராய்ச்சிக்குப் போய், எக்ஸ்ரேயைப் பார்த்து டி.பி.யைக் கண்டுபிடிக்கும் ஏ.ஐ. ஒன்றைச் செய்தாள். பேப்பரில் படம், டிவியில் பேட்டி. எனக்கு வயிற்றெரிச்சல். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த ஏ.ஐ. பாடம் படித்ததே என் சென்டர் எக்ஸ்ரேக்களையும் அவற்றுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்டுகளையும் வைத்துத்தான். நோயாளிகளின் பெயரை நீக்கி நானே கொடுத்தேன். அவளுடைய ஒரு பேட்டியிலாவது என் பெயர் வர வேண்டுமே!

விழா அன்று காலை, அந்த ஏ.ஐ.யை ஓட்டிக் காட்ட எங்கள் சென்டருக்கு வந்தாள்.

"என் ரிப்போர்ட் இல்லாம உன் மெஷின் ஏது?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அதனாலதான்பா முதல்ல இங்க வந்தேன்" என்றாள்.

பிள்ளையார்பாளையத்து அம்சவேணி ஒரு மாத இருமலோடு வந்திருந்தார். நஸ்னீன் வருகிறாள் என்பதற்காகப் புது கவுன்கள் வாங்கி வைத்திருந்தோம். புடவைக்குப் பதில் அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றார்.

நுரையீரல் சுத்தம் என்றது மெஷின். நான் படத்தைப் பார்த்தேன். இடது நுரையீரலின் உச்சியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். டி.பி.யாக இருக்கலாம். எனக்கு ஒரே குஷி. ஒரு பெண்ணின் நோயைப் பார்த்து வந்த குஷி அது.

"கோட்டை விட்டுடுச்சு பார் உன் மெஷின்!"

நஸ்னீன் மெஷின் பக்கம் திரும்பினாள். என் பழைய எக்ஸ்ரேக்களை வரிசையாக ஓட்டினாள். ஆண்களுக்கு அந்தக் கோடுகளை மெஷின் சரியாகப் பிடித்தது. பெண்களுக்கு, இடது பக்கம் மட்டும், விட்டுவிட்டது. பிறகு என் ரிப்போர்ட்டுகளைத் திறந்தாள்.

"இது இன்னா சிவா? பொம்பளைங்களுக்கெல்லாம் 'ஜரிகை நிழல், நோய் இல்லை'ன்னு எழுதிக்கினு வந்திருக்க?"

"நம்ம ஊர் பொம்பளைங்க டாக்டர்கிட்ட வரும்போதும் ஜரிகைப் புடவைதான் கட்டுவாங்க. கழட்ட கூச்சப்படுவாங்க, அப்படியே எடுத்துடுவோம். முந்தானை இடது தோள்ல இருக்குது, ஜரிகை படத்துல கோடு கோடா விழும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். எல்லாமே ஜரிகைதான்னு உனக்கு எப்படித் தெரியும்? முந்தானையை எடுக்கச் சொல்லி, திரும்ப ஒருவாட்டி எடுத்தியா?"

எடுத்ததில்லை.

"நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் அது கத்துக்கிச்சு. நானும் கேட்காம விட்டுட்டேன்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அம்சவேணியைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். விழாவுக்கு வரவில்லை என்று நஸ்னீன் போனில் சொல்லிவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜரிகை என்று எழுதி நான் வீட்டுக்கு அனுப்பிய பெண்களை ஒவ்வொருவராகத் திரும்ப அழைக்க வேண்டும். முதல் பெயர் முசரவாக்கம் கிருஷ்ணவேணி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடும்மா, எடுத்துடும்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போதும், இதையும் அவள்தானே கண்டுபிடித்தாள் என்று வயிறு எரிந்தது.